திகதி குறிப்பது யார்?

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கண்டியில் சிமா என்ற லண்டன் கணக்கியல் பரீட்சை செய்த பிள்ளைகளுக்கு ஆண்டில் இரண்டே வாசல்கள்: மே, நவம்பர். இன்னொரு லண்டன் பரீட்சையான ஏ.சி.சி.ஏ. செய்தவர்களுக்கு ஜூன், டிசம்பர். 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நமது பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) நிறுவகமும் ஆண்டுக்கு இரண்டு தடவைதான் பரீட்சை வைத்தது. எப்போது எழுதுவது என்ற கேள்விக்கு லண்டனும் கொழும்பும் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டிருந்தன. பிள்ளைக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்வி: இந்தமுறையா, அடுத்தமுறையா?

இன்று சிமாவின் ஓ.டி. எனும் புறநிலை வினாப் பரீட்சையை ஆண்டின் எந்த மாதத்திலும் எழுதலாம். திகதி, நேரம், நிலையம் மூன்றையும் பிள்ளையே திரையில் பார்த்துத் தெரிவுசெய்கிறது. தொண்ணூறு நிமிடம், அறுபது கேள்வி, எழுந்து வரும்போதே தற்காலிகப் பெறுபேறு கையில். ஏ.சி.சி.ஏ. 2016 முதல் ஆண்டுக்கு நான்கு தடவை பரீட்சை வைக்கிறது. ஆரம்பப் பாடங்களை அங்கேயும் நினைத்த நேரத்தில் எழுதலாம்.

இதை வசதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். வசதிதான். ஆனால் திகதியைத் தெரிவுசெய்யும் உரிமை வந்த அதே நாளில் அதன் பாரமும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையின் தோளுக்கு வந்துவிட்டது. பாடத்தைச் சொல்லிக்கொடுக்க நம்மூரில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். திகதியை எப்படிக் குறிப்பது என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. என்னை உறுத்துவது இதுதான்.

அந்தக் காலத்தில் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதே ஒரு மாத வேலை. லண்டன் பரீட்சை என்றால் படிவத்தை நிரப்பி, வங்கியில் பவுண் காசோலை எடுத்து, கண்டித் தபாற்கந்தோரில் பதிவுத்தபாலில் போட வேண்டும். 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரைக்கும் அந்நியச் செலாவணி என்பது கெஞ்சிப் பெற வேண்டிய பொருளாக இருந்தது. அதனால் ஒருவர் லண்டன் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டார் என்றால் அவர் எழுதியே தீருவார். நாளை தள்ளிப்போடும் யோசனையே எழாது. கட்டிய காசுக்காகவே கண்விழித்துப் படித்த தலைமுறை அது.

பலர் பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போனார்கள். கண்டியிலிருந்து தரைவழியாகச் சுமார் 115 கிலோமீட்டர். காலைக் கோச்சியைப் பிடித்துப் போய் அன்றே எழுதுவது நம்பகமில்லாத ஏற்பாடு. கடுகண்ணாவைக்குக் கீழே ஒரு மண்சரிவு போதும், ஆறு மாதம் போய்விடும். ஆகவே முதல்நாளே போய் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள். யுத்த காலத்தில் இதிலும் ஒரு சிக்கல் சேர்ந்தது. கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் சூத்திரங்களைப் புரட்ட வேண்டிய பிள்ளை, அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் ஒன்றாகக் கோத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருக்கும். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் எழுதியது ஒரே வினாத்தாள், ஒரே திகதி. அந்தத் திகதிக்குப் போய்ச் சேரும் பாதை மட்டும் ஒன்றாக இருக்கவில்லை.

1987 முதல் 1989 வரையான கலவர காலத்தை நினைத்துப் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. ஏ.எல். சித்தியடைந்து அனுமதியும் கிடைத்த பிள்ளைகள், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் வீட்டில் இருந்தார்கள். தொழில்சார் பரீட்சைகள் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு பிடிமானமாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி அழிந்துபோன நேரத்தில், மே, நவம்பர் என்ற இரண்டு மாதங்கள் எங்கோ தொலைவில் அசையாமல் நின்றன. இலங்கைக் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் சங்கம், அதாவது ஏ.ஏ.டி., தொடங்கியதும் 1987இல்தான். தமிழ்மொழியிலேயே எழுதலாம் என்பதால் தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்து வந்த வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்கு அது முதற்படி ஆயிற்று.

பழைய முறையின் கொடுமை அதன் இடைவெளியில் இருந்தது. மே மாதம் எழுதியவருக்குப் பெறுபேறு வந்துசேர வாரக்கணக்கில், சிலவேளை இரண்டு மூன்று மாதம் ஆகும். சித்தியா இல்லையா என்று தெரியாமலே அடுத்த பாடத்தைத் தொடங்க வேண்டும். தோல்வி என்று கடிதம் வந்தால், மூடி வைத்த புத்தகத்தைத் திரும்பத் திறக்க நவம்பருக்கு முன் மிஞ்சுவது சொற்ப வாரங்கள். ஒரு கட்டத்தின் பாடங்களைச் சேர்த்து எழுதி, ஒன்றில் சறுக்கினால் மற்றவற்றையும் மறுபடி எழுத வைத்த விதிகளும் பழைய பாடத்திட்டங்களில் இருந்தன. கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி மூன்று, நான்கு ஆண்டுகளை ஒரே படியில் கழித்ததை நம்மூரில் பல வீடுகள் அறியும். நடுவில் கலியாணம் வந்தது, வேலை வந்தது, வெளிநாடு வந்தது. படிப்பு பாதியில் நின்றது. அந்த நாட்களை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆறுமாதக் கணக்கு இன்னும் கொடுமையாக விழுந்தது. "அடுத்தமுறை" என்று ஒரு மகள் சொன்னால் வீட்டில் அதை யாரும் பரீட்சைத் திகதியாகக் கேட்கவில்லை. தரகருக்குச் சொல்லியனுப்பும் நேரமாகவே கேட்டார்கள்.

ஆனால் அந்த முறை ஒன்றைத் தந்தது. எல்லோருக்கும் ஒரே நாள். மே மாதம் நெருங்கினால் டி.எஸ். சேனாநாயக்க வீதியின் பொதுநூலகத்தில் இடம் கிடைக்காது. பழைய ஆட்கள் இன்னும் திருகோணமலை வீதி என்று சொல்லும் அதே வீதிதான். ஒருவரிடம் இல்லாத பாஸ்ட் பேப்பர் இன்னொருவரிடம் இருக்கும். மாத்தளைப் பஸ்ஸிலும் கம்பளைப் பஸ்ஸிலும் ஏறுவதற்கு முன் தரிப்பிடத்தில் நின்றபடியே வரவுசெலவுத் திட்டக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். தள்ளிப்போட நினைப்பவனைச் சேக்காளிகள் விடமாட்டார்கள்: "இவ்வளவு படிச்சிட்டு இப்ப பயப்படுறியா? வா, சேர்ந்தே போவம்." தனியொருவனின் துணிச்சலை ஒரு கூட்டம் சுமந்தது.

2014 நவம்பரோடு சிமாவின் தாள்பரீட்சை முடிந்தது. 2015 தொடக்கத்திலிருந்து கணினி. ஒவ்வொரு படியிலும் மூன்று ஓ.டி.; மூன்றிலும் சித்தியடைந்த பிறகு மூன்று மணி நேரக் கேஸ் ஸ்டடி. அது மட்டும் பெப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நான்கு தடவை, சில நாட்களே நீளும் சாளரங்களில். பிள்ளைகள் "விண்டோ" என்கிறார்கள். பழைய மேயும் நவம்பரும் இன்னும் சாகவில்லை. நடுவில் இரண்டு தம்பிமார் சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே.

திகதிக் கணக்கில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் ஓ.டி.யும் கேஸ் ஸ்டடியும் சேரும் இணைப்பில்தான். மூன்றாவது ஓ.டி.யை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அதை ஆறப்போடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஒருவழியாக எழுதி முடித்தால், மே விண்டோவுக்குப் பதியும் நாள் போயிருக்கும், அல்லது முன்கூட்டியே வெளியாகும் நிறுவனக் கதையை ஆழ்ந்து படிக்க நேரமிருக்காது. ஆகஸ்டுக்குப் போகிறார்கள். அதற்குள் முதல் ஓ.டி.யில் படித்த செலவுக் கணக்கியல் மங்கிவிடுகிறது. கேஸ் ஸ்டடி மூன்று பாடங்களையும் ஒன்றாகக் கேட்கும் பரீட்சை. ஆகையால் கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். முதலில் விண்டோவைத் தெரிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து மூன்று ஓ.டி.களுக்கும் நாள் குறிக்க வேண்டும். முன்னிருந்து தொடங்கி, "முடிந்ததும் பார்ப்போம்" என்று போகிறவர்களுக்குக் கடைசி வாசல் எப்போதும் ஒரு மாதம் முந்தியே மூடிக்கொள்கிறது.

திகதியை முழுக்க நம் கையில் தந்துவிட்டார்கள் என்பதும் உண்மையில்லை. 2022ஐ யார் மறப்பார்? மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளர விட்டது. டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து மே மாதத்தில் முந்நூற்று அறுபதுக்கு ஏறியது. பரீட்சைக் கட்டணமோ பவுணில். ஆண்டுத் தொடக்கத்தில் நூறு பவுணுக்குச் சுமார் 27,000 ரூபாய் போதும். மே நடுப்பகுதியில் அதே நூறு பவுண் 44,000 ரூபாயைத் தாண்டியது. சம்பளம் மாறவில்லை. "நான் தயாரா?" என்று தன்னைக் கேட்க வேண்டிய பிள்ளை, "இன்றைக்கு ரேட் எவ்வளவு?" என்று கேட்டது. படித்து முடித்தும் காசில்லாமல் நின்றவர்கள் உண்டு. நாளைக்கு இன்னும் ஏறிவிடும் என்ற அச்சத்தில் பாதிப் படிப்போடு பதிந்து தோற்றவர்களும் உண்டு. அந்தத் தோல்விகளைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

கொரோனா வந்த 2020இல் வீட்டிலிருந்தே எழுதும் முறை வந்திருந்தது. கமராவைத் திருப்பி அறையின் நான்கு மூலையையும் காட்டி, மேசையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை என்று நிரூபித்து எழுதுவது. கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்று மலைநாட்டுப் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டபோது அந்த மகிழ்ச்சி எங்கே போனது! பரீட்சை நேரத்தைத் தெரிவுசெய்வதற்கு முன் மின்சார சபையின் வலய அட்டவணையைப் பார்க்க வேண்டியிருந்தது. நிலையத்துக்குப் போய் எழுதலாமென்றால் பெற்றோல் வரிசை. அந்த ஆண்டு மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தாள் இல்லாமல் தள்ளிப்போனது. இதற்கு நடுவில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர்களின் சான்றிதழில் அந்த ஆண்டைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஏ.எல். பரீட்சையும் நிலைகுலைந்து போயிருக்கிறது. ஆகஸ்டில் நடந்துவந்தது கொரோனாவுக்குப் பின் பெப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நவம்பருக்கும் அலைந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தின் மலைகளைச் சரித்துப் பெரும் உயிர்ச்சேதம் செய்த நாட்களில், நடந்துகொண்டிருந்த ஏ.எல். பாதியில் நின்றது. மிச்சப் பாடங்கள் அடுத்த ஜனவரிக்குப் போயின. ஏ.எல். எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் நம் பிள்ளைகள் தொழில்சார் படிப்பைத் தொடங்குவது வழக்கம். தொடக்கத் திகதி நகர்ந்தால் பின்னால் வரும் எல்லாத் திகதிகளும் நகரும். செக்கன்ட் ஷையாக ஏ.எல்.லை மறுபடி எழுதுவதா, அதை விட்டுச் சிமாவோ சி.ஏ.வோ செய்வதா என்று குடும்பமே கூடி யோசிக்கும்போது, கையில் இருப்பதாக நினைத்த ஆறு மாதம் உண்மையில் மூன்றாகக் குறைந்திருப்பதை முதலில் எண்ண வேண்டும்.

வேலை செய்துகொண்டு படிப்பவர்களின் கணக்கு வேறு. இங்கே கம்பனிகளில் பெரும்பாலானவற்றின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை கழிந்ததும் ஆடிட் காலம். கண்டி நகரத்து நிறுவனமொன்றில் பயிற்சிபெறும் பிள்ளை நாளைக்குப் புசல்லாவையில் ஒரு தொழிற்சாலையில் இருப்பு எண்ணும், மறுநாள் அக்குறணையில் ஒரு கடையின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டும். இரவு ஒன்பதுக்கு வீடு வந்து புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மிதக்கும். நவம்பர் 30 வருமான வரி விவரத்திரட்டு கொடுக்கும் கடைசி நாள்; அதற்கு முந்தைய வாரங்களும் இப்படித்தான். பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் ஜூன், டிசம்பர் பரீட்சைகளுக்கு இந்த நெருக்கடிகளை ஒட்டியேதான் படிக்க வேண்டும். அங்கே தெரிவுக்கு இடமில்லை. சிமா செய்கிறவருக்கு இடம் இருக்கிறது. ஆடிட் தணிந்த மாதங்களிலும் வரிக்காலம் முடிந்த தை, மாசியிலும் பாரமான பாடத்தை வைத்துக்கொண்டு, இலகுவான ஓ.டி.யை மட்டும் வேலை மாதங்களுக்கு ஒதுக்கலாம். மேலதிகாரியிடம் லீவு கேட்டு உறுதி வாங்காமல் திகதி பதிவது, நிலத்தைப் பார்க்காமல் உறுதி எழுதுவதைப் போன்றது.

எப்போது பதியலாம்? என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. "தயாராகிவிட்டேன்" என்ற உணர்வுக்காகக் காத்திருக்காதே. அது பெரும்பாலும் வருவதேயில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வருவது இன்னும் அரிது, படிக்கப் படிக்கத் தெரியாதது கண்ணில் படுவதால். பாடத்திட்டத்தை ஒரு சுற்று முடித்துவிட்டாயா? அப்படியானால், தொலைபேசியை அணைத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, ஒரு முழு மாதிரிப் பரீட்சையை ஒரே மூச்சில் எழுது. சித்திப் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றால் அன்றைக்கே பதி, ஐந்தாறு வாரம் தள்ளி. பதிந்த திகதிதான் மிச்சப் படிப்பைப் படிக்க வைக்கும். பாதிக்கும் கீழே நின்றால் பதியாதே. திகதியால் அறிவைப் புகுத்த முடியாது. ஒரு தடவை திகதியை மாற்ற நேர்ந்தால் மாற்று, சுகவீனமும் சாவும் வீட்டில் வருவதுதான். இரண்டாம் தடவை மாற்றத் தோன்றினால், மாற்றாமல் போய் எழுது. இரண்டாம் தடவை தள்ளுவதற்குக் காரணம் அநேகமாகப் பாடமாக இருப்பதில்லை, பயமாகவே இருக்கிறது. பாடத்திட்டம் மாறப்போவதாக அறிவித்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் மாறும். 2015இலும் 2019இலும் சிமா பாடத்திட்டம் மாறியபோது, பழையதின் கடைசி நாட்களைத் தவறவிட்டவர்கள் புதிய புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கடைசி விண்டோவைக் குறிவைக்கவே கூடாது. தோற்றால் மறுபடி எழுத ஒன்று மிஞ்ச வேண்டும்.

இந்தப் புதிய முறையில் எனக்கு மிகவும் வலிப்பது பிள்ளைகளின் தனிமை. கொழும்பு விரிவுரையாளரின் வகுப்பு ஸூமில் இன்று கலஹாவுக்கும் ஹந்தானைக்கும் வருகிறது. நல்லதுதான்; பஸ் காசும் நேரமும் மிச்சம். ஆனால் ஒரே வகுப்பில் இருக்கும் முப்பது பேருக்கு முப்பது திகதி. யார் பதிந்தார், யார் தள்ளிப்போட்டார், யார் தோற்றார் என்று எவருக்கும் தெரியாது. தோல்வி ரகசியமாயிற்று. தள்ளிப்போடுவது அதைவிட ரகசியமாயிற்று. ஒரு வருடம் முழுக்கத் திகதியே குறிக்காமல், வகுப்புக்கு மட்டும் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். தாய்தகப்பன் கேட்டால் "படிக்கிறேன்" என்பார்கள், அது பொய்யுமில்லை. அன்று "வா, சேர்ந்தே போவம்" என்று இழுத்துக்கொண்டு போன குரல் ஒன்று இவர்களுக்கு வேண்டும். வகுப்பு நடத்துகிறவர்கள் நினைத்தால் இதைச் செய்யலாம். பாடம் முடிந்த ஒரு சனிக்கிழமை எல்லோரையும் நேரில் கூட்டி ஒரு முழு மாதிரிப் பரீட்சை வைத்து, புள்ளி வந்த கையோடு நாலைந்து பேராக ஒரே வாரத்துக்குப் பதிய வைக்கலாம். காசு செலவில்லாத வேலை. கண்டியில் ஓரிரு ஆசிரியர்கள் இப்படிச் செய்யத் தொடங்கியிருப்பதைக் கேட்டபோது மனம் நிறைந்தது.

தோட்டப்பள்ளியில் படித்து, ஏ.ஏ.டி.யைத் தமிழில் முடித்து, இப்போது சிமா இரண்டாம் படியில் நிற்கும் ஒரு பிள்ளை சென்ற மாதம் வந்திருந்தாள். கலஹாவுக்கு மேலே வீடு, கண்டியில் வேலை. கடைசி ஓ.டி. முடிந்துவிட்டது. அடுத்த விண்டோவே எழுதுவதா, நவம்பர் வரை நிற்பதா என்று கேட்டாள். மாதிரிப் பரீட்சைப் புள்ளியைக் கேட்டேன். சித்திக்கு மூன்று நான்கு புள்ளிதான் குறைவு. அலுவலகத்தில் லீவு சொல்லியாயிற்றா என்று கேட்டேன், சொல்லியாயிற்று. கூட எழுத யாரும் இருக்கிறார்களா என்றதற்கு, "கம்பளையில ஒரு அக்கா இருக்காங்க, அவங்களும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

"அப்ப ரெண்டு பேரும் ஆகஸ்ட்டுக்குப் பதிங்க."

கூட வந்த தகப்பன் அதுவரை பேசாமல் இருந்தவர், நாட்காட்டியை எட்டிப் பார்த்தார். "ஆகஸ்ட்ல பெரஹரா வருமே மகள். டவுன்ல ரோட்ட மூடிருவாங்களே?"

"ரோட்ட மூடுறது பின்னேரந்தான்ப்பா. காலைல ஸ்லொட் போடுறேன். மொத பஸ்ல வந்தா எட்டு மணிக்கு டவுன்ல."

"மொத பஸ் நிரம்பித்தான் வரும். மொத நா ராத்திரி அந்தக் கம்பளப் பிள்ள வீட்டுல நிக்க ஏலுமான்னு கேட்டுப் பாரு" என்றார் அவர்.